பங்குனி வெயிலில் கொடுமுடியிலிருந்து பழனிக்கு: ஒரு நாள் நடையை எப்படி அமைத்துக்கொள்வது?

பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் தீர்த்தம் எடுத்துக்கொண்டு பழனிக்கு நடக்கும் குழுவோடு நீங்களும் உங்கள் அப்பாவும் இந்த ஆண்டு சேர்ந்துகொள்ள இருக்கிறீர்கள். உங்களுக்கு 34 வயது; அப்பாவுக்கு 61, சர்க்கரை உண்டு. அந்த வெயிலில் ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடக்கலாம், ஒரு நாள் எப்படிக் கழியும் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தத் தடத்தில் முதலுதவிப் பையோடு நடைக்குழுக்களுக்குத் துணையாகப் போகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் நேரடியான பதில். நாளொன்றுக்கு 22 முதல் 25 கிலோமீட்டர். அதில் மூன்றில் இரண்டு பங்கைக் காலை ஒன்பதரை மணிக்குள் முடித்துவிட வேண்டும், மிச்சத்தை மாலை ஐந்து மணிக்குப் பிறகு நடக்க வேண்டும். இடைப்பட்ட ஏழரை மணி நேரம் நிழலில் படுத்திருக்க வேண்டும். வெள்ளக்கோவில், தாராபுரம் வழியாக மொத்தம் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் என்பதால் நான்கு நாள் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளிலும் இரண்டரை நாளிலும் போய்ச் சேரும் இளவட்டங்கள் இருக்கிறார்கள். அந்தக் கணக்கில் உங்கள் அப்பாவைச் சேர்க்காதீர்கள்.

இந்தப் பதிலில் எல்லோரும் தடுமாறும் இடம் அந்த ஏழரை மணி நேரம்தான். "சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் இன்னும் பத்து கிலோமீட்டர் போய்விடலாமே" என்று குழுவில் ஒருவராவது சொல்வார். நடையில் கெட்டிக்காரர்களான இளைஞர்கள்தான் பெரும்பாலும் இதைச் சொல்கிறார்கள். கோடையில் நெடுந்தூரம் நடப்பவனின் திறமை, நிற்க வேண்டிய நேரத்தையும் இடத்தையும் முன்கூட்டியே முடிவு செய்வதில் இருக்கிறது. நடப்பது தானாக நடந்துவிடும். எங்கே நிற்பது என்பதைக் குழு கிளம்புவதற்கு முன்பே, முடிந்தால் முதல் நாள் இரவே, பேசி வைத்திருக்க வேண்டும். பதினோரு மணி வெயிலில் நின்றுகொண்டு நிழல் தேடும் குழு தப்பான முடிவைத்தான் எடுக்கும். மண்டபம் இன்னும் மூன்று கிலோமீட்டர்தான் என்று யாராவது சொல்வார், எல்லோரும் நம்புவார்கள்.

காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் காரணம் தெரிந்தவர்கள்தான் கட்டுப்பாட்டைக் காப்பாற்றுகிறார்கள். நம் தோலின் வெப்பம் ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸ். காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை உடலின் சூடு தானாகவே காற்றுக்குப் போகும். காற்று 35 டிகிரியைத் தாண்டிவிட்டால் திசை மாறி, காற்றே உடலைச் சூடாக்கத் தொடங்குகிறது. அதற்குப் பிறகு நமக்கு இருக்கும் ஒரே வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். சமதரையில் நிதானமாக நடக்கும் ஒருவர் உடலில் மணிக்கு 250, 300 கிலோகலோரி உண்டாகிறது. ஆக, நடைக்கு மட்டுமே மணிக்கு அரை லிட்டர் வியர்வை செலவு. தலைக்கு மேல் விழும் வெயிலும், கீழே தாரிலிருந்து எழும் அனலும் சேர்ந்தால் அது ஒரு லிட்டரைத் தொடும், தாண்டவும் செய்யும். வயிறும் குடலும் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரை உள்ளே வாங்க முடியாது. எவ்வளவு குடித்தாலும் ஈடுகட்ட முடியாத நேரம் நடுப்பகல் என்பது இதனால்தான். மன உறுதியால் இந்தக் கணக்கை மாற்ற முடியாது.

பங்குனிக் கடைசியிலும் சித்திரை முதலிலும் கொங்கு நாட்டின் கிழக்குப் பக்கத்தில் பகல் வெப்பம் 38 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். வானிலை அறிக்கை சொல்லும் எண், நிழலில், காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள், தரையிலிருந்து நான்கடி உயரத்தில் வைத்த வெப்பமானியின் கணக்கு. நீங்கள் நடக்கும் தார்ச்சாலையின் மேற்பரப்பு அந்த நேரத்தில் 60 டிகிரியை நெருங்கும். மேலும், அந்த நாட்களில் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. நிழல் காலடியில் சுருண்டு கிடக்கும். காலையில் சாலையின் பாதி அகலத்துக்கு நிழல் விரித்த மரம், பன்னிரண்டு மணிக்குத் தன் அடியில் மட்டும்தான் நிழல் வைத்திருக்கும். இன்னொன்று, வெப்பம் உச்சத்துக்குப் போவது பன்னிரண்டு மணிக்கு அல்ல. இரண்டரை, மூன்று மணிக்கு. "வெயில் சாய்ந்துவிட்டது, கிளம்பலாம்" என்று மூன்றரை மணிக்கு எழுபவர்கள் நாளின் மிகச் சூடான காற்றுக்குள்தான் நுழைகிறார்கள்.

இனி ஒரு நாள் எப்படிப் போகும் என்று பார்ப்போம். மூன்று மணிக்கு எழுந்து மூன்றரை, நான்குக்குள் கால் சாலையில் இருக்க வேண்டும். உத்திரம் பௌர்ணமியை ஒட்டி வருவதால் இரவெல்லாம் நிலவு இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். வளர்பிறை நிலா மாலையில்தான் துணைக்கு வரும். நீங்கள் கிளம்பும் முதலிரண்டு நாட்களில் விடிவதற்கு வெகுநேரம் முன்பே அது மேற்கே இறங்கிவிடும். விடிகாலை இருட்டு உண்மையான இருட்டு. அந்த நேரத்தில்தான் தூக்கக் கண்ணோடு லாரி ஓட்டுபவர்களும் சாலையில் இருப்பார்கள். இந்த நடையில் நான் வெயிலுக்கு அடுத்துப் பயப்படுவது இதற்குத்தான். சாலையின் வலப்பக்கம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒருவர் பின் ஒருவராக நடங்கள். முதல் ஆளும் கடைசி ஆளும் ஒளி பிரதிபலிக்கும் மேல்சட்டை போட்டு டார்ச் வைத்திருக்கட்டும். காதில் பாட்டுக் கருவி வேண்டவே வேண்டாம்.

கரிச்சான் குரல் கேட்டதும் இன்னும் கொஞ்ச நேரத்தில் கிழக்கு வெளுக்கும் என்று தெரிந்துகொள்ளலாம். ஐந்து மணிக்கு மேல் இரண்டு பக்கமும் மயில்கள் அகவத் தொடங்கும். வெள்ளக்கோவிலைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய மட்டும் கொறங்காடு. கிளுவை வேலி போட்டு அடைத்த மேய்ச்சல் நிலங்கள், உள்ளே காய்ந்த கொழுக்கட்டைப்புல், அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரங்கள். மழை குறைந்த இந்த மண்ணில் காங்கேயம் மாட்டையும் செம்மறியையும் வாழவைத்திருப்பது இந்த ஏற்பாடுதான். பங்குனியில் கிளுவை இலையுதிர்ந்து வெறும் முள்ளாக நிற்கும். பார்ப்பவர்கள் பட்டுப்போன வேலி என்று நினைப்பார்கள். ஒரு கோடை மழை விழுந்தால் ஒரே வாரத்தில் துளிர்த்துவிடும். வெயில் ஏறுவதற்கு முந்தைய இந்த இரண்டு மணி நேரம் இந்த நடையிலேயே ஆகச்சிறந்த நேரம். வேப்பம்பூ வாசம் காற்றில் வரும், கால் தானாக எட்டிப்போடும், யாரும் அதிகம் பேசமாட்டார்கள். இதை அவசரமாகக் கடக்காமல், ஆனால் நிற்காமல் நடந்தால் எட்டு மணிக்குள் 14 கிலோமீட்டர் ஆகியிருக்கும்.

ஆறரை மணி வாக்கில் ஒரு தேநீர், இரண்டு இட்லி. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு நடந்தால் ரத்தம் செரிமானத்துக்கும், தோலைக் குளிர்விப்பதற்கும், கால் தசைக்கும் என மூன்று பக்கம் இழுபடும். எட்டு மணிக்குப் பிறகு வெயில் முதுகில் உறைக்கத் தொடங்கும்போது வேகத்தைக் குறைத்துவிடுங்கள். ஒன்பதரைக்கு நிறுத்துங்கள். இன்னும் நடக்க முடியும் என்று தோன்றும்போதே நிறுத்த வேண்டும்.

எங்கே நிற்பது? தகர ஷெட்டுக்கு அடியில் நிற்காதீர்கள். சுவரும் மின்விசிறியும் உள்ள கல்யாண மண்டபம் நல்லது. அதைவிட மரத்தடி நல்லது, ஆனால் மரம் பார்த்து உட்கார வேண்டும். வெள்வேலமும் சீமைக்கருவேலமும் சல்லடை நிழல்தான் தரும். பங்குனியில் புங்கமரம் பழைய இலையை உதிர்த்துப் புதுத்தளிர் கட்டி நிற்கும். அதன் அடியில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் குளிர்ச்சி தெரியும். வேம்பும் அப்படித்தான். புளியமரத்தின் நிழல் அடர்த்தியானது. ஒரு காலத்தில் நம் சாலைகள் புளியமரச் சாலைகளாகவே இருந்தன. மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் போட்ட சாலைகளை இன்றும் தென்மாவட்டங்களில் அவர் பெயரால் சொல்கிறார்கள் என்றால், அவர் சாலையோடு மரமும் சத்திரமும் வைத்ததும் அதற்கு ஒரு காரணம். நடந்து போகிறவனுக்குச் சாலை என்பது நிழலும் தண்ணீரும் சேர்ந்ததுதான் என்று அன்று தெரிந்திருந்தது. அகலப்படுத்தும் பணிகளில் அந்த மரங்கள் வரிசையாகப் போய்விட்டன. வெட்டிய இடத்தில் வைத்த கன்றுகள் பல தண்ணீர் இல்லாமல் காய்ந்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் லட்சக்கணக்கான பேர் நடக்கும் தடம் இது. நடப்பவர்கள் ஆளுக்கொரு குடம் தண்ணீர் ஊற்றினாலே அந்தக் கன்றுகள் பிழைத்துவிடும்.

தங்கும் இடத்தில் முதல் வேலை, கால் கழுவுவது. வழியில் உள்ள தோட்டக்காரர்கள் கேட்டால் மறுக்காமல் மோட்டார் போட்டுவிடுவார்கள். ஒரு கவனம்: வெயிலில் கிடந்த ரப்பர் குழாயில் முதலில் வரும் தண்ணீர் கொதிநீராக இருக்கும். அதை மண்ணில் விட்டுவிட்டு, கை வைத்துப் பார்த்த பிறகு தலையில் ஊற்றிக்கொள்ளுங்கள். பாதத்தைத் துடைத்து உலரவிட்டு, விரலிடுக்குகளைப் பாருங்கள். பிறகு காலைச் சற்று உயர்த்தி வைத்துப் படுத்துவிடுங்கள். தூக்கம் வராவிட்டாலும் படுத்திருங்கள். இரண்டு இரவில் கெட்ட தூக்கத்தை இந்தப் பகல்தான் ஈடு செய்ய வேண்டும்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நல்லெண்ணத்தில் தரப்படும் தப்பான அறிவுரை இதில்தான் அதிகம். "தண்ணீர் குடி, தண்ணீர் குடி" என்பது பாதி உண்மை. வியர்வையில் உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்துக்கொண்டே நடந்தால் ரத்தத்தில் உப்பின் அளவு இறங்கி, தலைவலி, குமட்டல், குழப்பம் என்று போய், வலிப்பு வரைக்கும் கொண்டுவிடும். கொங்குப் பகுதியின் பகல் காற்று உலர்ந்தது. வியர்வை தோன்றியதும் ஆவியாகிவிடுவதால் சட்டை நனையாது, "எனக்கு அவ்வளவாக வியர்ப்பதில்லை" என்று நினைப்பீர்கள். ஒன்பது மணி வாக்கில் உங்களுக்கு முன்னே நடக்கிறவரின் முதுகைப் பாருங்கள். கருநிறச் சட்டையென்றால் தோள்பட்டைக்கு நடுவே வெள்ளைக் கோடுகள் வளையம் வளையமாகப் படிந்திருக்கும். விரலால் தேய்த்தால் மாவு மாதிரி உதிரும். காலையிலிருந்து அவர் இழந்த உப்பு அது.

அதனால் நீர்மோர், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, கம்பங்கூழ், பழைய சோற்று நீராகாரம் இவற்றைத் தண்ணீரோடு மாற்றி மாற்றிக் குடிக்க வேண்டும். வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல்களில் மோரும் பானகமும் கிடைக்கும். பானகம் நல்லதுதான், ஆனால் அதில் வெல்லம் இருக்கிறது, அப்பாவுக்கு மோரே போதும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. ஆகவே இளநீர் மட்டும் குடித்து உப்பை ஈடுகட்ட முடியாது, கூடவே உப்புக்கடலை கொஞ்சம் வாயில் போட்டுக்கொள்ளுங்கள். தெளுவு, அதாவது பதநீர், கிடைத்தால் விடியற்காலையில் குடியுங்கள். வெயில் ஏறினால் அது புளிக்கத் தொடங்கிவிடும். ஆளுக்கு நான்கு ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலம் பையில் இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரான ஒரு பொட்டலம் 20.5 கிராம் இருக்கும், அதை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். அரை லிட்டர் பாட்டிலில் முழுப் பொட்டலத்தையும் கொட்டிக் குடிப்பவர்களைப் பார்க்கிறேன், அது தப்பு. எவ்வளவு குடிப்பது என்பதற்கு எளிய அளவுகோல் சிறுநீர்: வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி, நல்லெண்ணெய் நிறத்துக்கு வந்தால் போதவில்லை என்று பொருள். பகல் தங்கலில் ஒரு முறைகூடச் சிறுநீர் போகாதவர் மாலை நடையில் சேரக்கூடாது.

அடுத்தது பாதம். செருப்பில்லாமல் நடப்பது இந்த வழியில் பலருடைய வேண்டுதல், அதை நான் மதிக்கிறேன். வெறுங்காலோடு நடப்பவர்கள் எட்டு மணிக்குப் பிறகு செய்வதைக் கவனித்தால் ஒரு விஷயம் தெரியும். சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேல் ஒருவர் பின் ஒருவராக, கோடு விலகாமல் போய்க்கொண்டிருப்பார்கள். கருந்தாரைவிட வெள்ளை வண்ணம் வெயிலைக் குறைவாக உறிஞ்சும். நான்கு விரல் அகலக் கோட்டின் மேல் பாதம் பொறுக்கும், ஒரு அங்குலம் தள்ளினால் பொறுக்காது. மண் ஓரம் இன்னும் குளிர்ச்சிதான், ஆனால் அங்கே நெருஞ்சியும் கருவேல முள்ளும் காத்திருக்கும். விடிகாலை இருட்டில் தார், வெளிச்சம் வந்த பிறகு முள் பார்த்து மண் ஓரம், ஒன்பது மணிக்கு மேல் நடையே இல்லை என்று வைத்துக்கொண்டால் வேண்டுதலும் கெடாது, காலும் கெடாது.

ஆனால் உங்கள் அப்பா வெறுங்காலோடு நடக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேசமாட்டேன். சர்க்கரை பல ஆண்டு இருந்தவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். தார் சுட்டது தெரியாது, முள் ஏறியது தெரியாது. மாலையில் காலைக் கழுவும்போதுதான் தோல் வெந்து உரிந்திருப்பது கண்ணில் படும். அந்தப் புண் ஆற மாதங்கள் ஆகும், சில நேரம் விரலையே எடுக்க வேண்டி வரும். பழகிய, கொஞ்சம் தளர்வான ஷூ, ஈரம் வாங்கும் காலுறை இரண்டு ஜோடி, தங்கும் ஒவ்வோர் இடத்திலும் நீங்களே அவர் பாதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது என்ற மூன்றும் வேண்டும். முருகன் கோபித்துக்கொள்ளமாட்டான். மலையடிவாரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினால் போதும்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு அவருடைய மருத்துவரிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டுங்கள். நெடுநேரம் நடக்கும்போது சர்க்கரை தானாகவே இறங்கும். வழக்கமான மருந்தளவு அந்த நாட்களில் அதிகமாகிவிடக்கூடும். சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் ரத்த அழுத்த மாத்திரை இருந்தால் அதையும் கேட்டு வையுங்கள். இன்சுலின் போடுபவரென்றால் அதை வண்டியின் முன்கண்ணாடிக்கு அடியில் வைக்காமல், ஈரத்துணி சுற்றிய மண்பானையில் வையுங்கள். சர்க்கரை தாழ்ந்தாலும் வியர்க்கும், கை நடுங்கும், தலை சுற்றும். வெயில் தாக்கினாலும் கிட்டத்தட்ட அதே அறிகுறிகள். குழம்ப வேண்டாம், விரல் நுனியில் சோதிக்கும் கருவி பையில் இருக்கட்டும்.

மற்றபடி கொப்புளம் எல்லோருக்கும் வரும். மேல்தோலை உரிக்காதீர்கள், அதுதான் இயற்கையான கட்டு. தொடையிடுக்கு உரசலுக்குக் கிளம்பும்போதே தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். முழுக்கைப் பருத்திச் சட்டை, தலையில் நனைத்த துண்டு. காவடி சுமக்காதவர்கள் குடை எடுத்துப்போவதில் எந்த வெட்கமும் வேண்டாம், தலைக்கு மேல் நகரும் நிழல் அது ஒன்றுதான்.

வலி மாத்திரையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மூன்றாம் நாள் கால்வலிக்கு டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளை மிட்டாய் மாதிரி பகிர்ந்துகொள்ளும் பழக்கம் நடைக்குழுக்களில் இருக்கிறது. உடலில் நீர் வற்றியிருக்கும் நேரத்தில் இந்த வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைத் தாக்கும். வெந்நீர் ஒத்தடமும் தூக்கமும்தான் அந்த வலிக்கு மருந்து.

ஆபத்தின் அடையாளங்களைக் குழுவில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தலைசுற்றல், குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு, அளவுக்கு மீறிய வியர்வை என்றால் வெயில் அசதி. நிழல், உப்புக் கலந்த பானம், ஓய்வு என்று ஒரு மணி நேரத்தில் தெளிவார். அன்றைக்கு அவருக்கு நடை முடிந்தது. பேச்சு குழறினால், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், தள்ளாடினால், காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், அது வெப்பவாதம். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும், மூளை பாதிக்கப்படத் தொடங்கியிருக்கும். வியர்வை நின்றிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நடந்து வந்தவருக்கு வியர்த்துக்கொண்டேயும் வெப்பவாதம் வரும். உடனே 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா விசிறிக்கொண்டிராதீர்கள். பக்கத்தில் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டி இருந்தால் தலையைப் பிடித்துக்கொண்டு கழுத்துவரை அதில் இறக்குங்கள். இல்லாவிட்டால் சட்டையைக் கழற்றி, குடம் குடமாக உடல் முழுவதும் ஊற்றி, துண்டால் வீசுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. காய்ச்சல் மாத்திரை இதற்குக் கேட்காது. முதல் அரை மணி நேரத்தில் உடலைக் குளிர்விப்பதைப் பொறுத்துத்தான் உயிர் இருக்கிறது.

மாலை நடை ஐந்து மணிக்கு. தென்மேற்காகப் போவதால் இறங்கும் வெயில் வலக்கண்ணில் குத்தும், தொப்பி விளிம்பை அந்தப் பக்கம் சாய்த்துக்கொள்ளுங்கள். தார் இன்னும் சூடாகத்தான் இருக்கும், ஆனால் ஆறரைக்கு மேல் நிலா மேலே ஏறி வெளிச்சம் தரும். எட்டு மணிக்குள் ஏழெட்டுக் கிலோமீட்டர் முடித்து, அன்னதானப் பந்தலில் தயிர்சாதம் சாப்பிட்டுப் படுத்துவிடலாம். சிமென்ட் தரை இரவு பத்து மணி வரைக்கும் பகல் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். படுப்பதற்கு முன் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கோரைப்பாய் விரியுங்கள். தீர்த்தக்குடத்தைக் கீழே வைக்காத குழுவென்றால் தொங்கவிடும் இடத்தையும் பகலிலேயே பார்த்து வைத்துவிடுவார்கள்.

"இவ்வளவு குறைவாகவா நடப்பது?" என்று உங்கள் குழுவில் கேட்டால் 1930-ஐ நினைவுபடுத்துங்கள். சித்திரை மாதத்தின் கடும் வெயிலில், ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் நூறு பேரளவில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து உப்பெடுக்க வேதாரண்யம் கிளம்பினார்கள். 150 மைலை நடந்து முடிக்க அவர்கள் எடுத்துக்கொண்டது 15 நாள். நாளுக்குப் பத்து மைல், அதாவது 16 கிலோமீட்டர். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், நாடே பார்த்துக்கொண்டிருந்த நடை, அப்போதும் அவ்வளவுதான். அவர்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுக்கக் கூடாது என்று தஞ்சாவூர் ஆட்சியர் தார்ன் தடை போட்டபோது, ஊர்மக்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். நடந்து வருகிறவனுக்கு வழியில் இருப்பவர்கள் பொறுப்பு என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக இங்கே இருக்கிறது. மூலனூர் பக்கம் முருங்கைத் தோட்டத்துக்காரர் வாசலில் மோர்ப்பானை வைத்துவிட்டு, குடிக்காமல் போகிறவரைக் கைதட்டிக் கூப்பிடுவதைப் பார்க்கும்போது எனக்கு அது நினைவுக்கு வரும்.

நான்காம் நாள் வழி தாராபுரத்திலிருந்து அலங்கியம் வழியாகப் போகிறது. அமராவதியைத் தாண்டியதும் தெற்கே நீல மதிலாகத் தெரிவது கொடைக்கானல் இருக்கும் மலைத்தொடர், முருகன் கோயில் இருக்கும் குன்று அல்ல. பெரும்பாலோர் அதைப் பார்த்துவிட்டு வந்துவிட்டோம் என்று வேகத்தைக் கூட்டுகிறார்கள். தாராபுரத்திலிருந்து பழனி இன்னும் முப்பது கிலோமீட்டருக்கு மேல். முருகன் மலை அந்தப் பெரிய மதிலுக்கு முன்னால் சிறு குன்றாக வெகுநேரம் கழித்துத்தான் பிரிந்து தெரியும். அதிகமானவர்கள் மயங்கி விழுவது இந்தக் கடைசிப் பகலில்தான். கோபுரம் கண்ணுக்குத் தெரிந்த பிறகு பகல் பன்னிரண்டு மணிக்கு உட்காரச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. அதனால் தாராபுரத்தைத் தாண்டி ஏழெட்டுக் கிலோமீட்டர் முந்தைய இரவே வந்துவிடும்படி திட்டமிடுங்கள். கடைசி நாள் மாலை சண்முகநதியில் குளித்து, இரவில் அடிவாரம் போய்ச் சேரலாம், விடியற்காலையில் மலையேறலாம்.

பயிற்சிக்கு வருகிறேன். உடல் வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் வேண்டும். பழகிய உடல் சீக்கிரம் வியர்க்கும், அந்த வியர்வையில் உப்பும் குறைவாகப் போகும். நாள் முழுவதும் ஏ.சி. அறையில் வேலை செய்துவிட்டு நேராகக் கொடுமுடிக்கு வருவது உங்கள் வயதிலும் ஆபத்து. மாசி பிறந்ததும் அப்பாவும் நீங்களும் விடிகாலையில் ஐந்து கிலோமீட்டரில் தொடங்கி, வாரம் ஒரு முறை கூட்டிக்கொண்டே போய், மாசிக் கடைசியில் ஒரு நாள் 18 கிலோமீட்டர் நடந்து பாருங்கள். கடைசி இரண்டு வாரம் காலை எட்டு முதல் ஒன்பது மணி வெயிலில் ஒரு மணி நேரம் நடை சேர்த்துக்கொள்ளுங்கள். போட்டுக்கொண்டு போகப்போகும் அதே ஷூவோடு நடங்கள். அந்த 18 கிலோமீட்டருக்கு மறுநாள் அப்பா வழக்கம்போல எழுந்து நடமாடினால், குழுத்தலைவரிடம் இரண்டு பேர் என்று பெயர் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவரைத் துணை வண்டியில் வரச் சொல்லி, காலையில் முதல் ஐந்து கிலோமீட்டரும் மாலையில் கடைசி மூன்றும் உங்களோடு நடக்கவையுங்கள். அப்படி நடப்பவர்களும் இந்த வழியில் நிறைய இருக்கிறார்கள்.